பேப்பருக்கு அடியில் ஒரு கீறல்

சுங்கை சிப்புட்டில் அம்மா தனியாக இருக்கிறார். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து மாதம் ஒரு முறை போய் வருவேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால், நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நாளில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்ததும் சமையலறையில் நின்றபடியே ஒரு தேநீர் குடிப்பது வழக்கம். கடந்த தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோதும் அப்படித்தான் நின்றேன். அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே, சமையல் மேடையில் பழைய நாளிதழ் ஒன்று விரித்திருந்தது. அதன்மேல் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தின்மேல் இரண்டு பிஸ்கட் டின்கள்.

எனக்கு அது விநோதமாகப் பட்டது. அம்மா மேடையில் எதையும் விட்டுவைக்காதவர். சமைத்து முடித்த கையோடு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறையும் துடைப்பார். டின்களை நகர்த்திவிட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் மேடையில் ஒன்றரை அடி நீளத்துக்கு வளைவாக ஒரு கீறல். கூர்ந்து பார்த்தால் நாலைந்து மெல்லிய கோடுகள், நடுவில் பழுப்பாகத் தெரியும் ஆழமான கோடு ஒன்று.

"எப்பம்மா ஆச்சு?"

"அது கெடக்கும்மா. பேப்பர் போட்டா தெரியாது."

"எப்படி ஆச்சு?"

அதற்குப் பதில் வரவில்லை. "டீ ஆறிப்போகுது" என்றார்.

அப்பா போட்ட மேடை அது. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தபோது, தாமான் வீட்டில் அவர் செய்த ஒரே ஆடம்பரச் செலவு இந்தச் சமையலறை. 2001ஆம் ஆண்டு. அதுவரை அம்மா சிமெண்டுத் திண்டில்தான் சமைத்தார். அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மேடை அப்படியே இருக்கிறது.

விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். அவர் மறுநாளே தெரிந்த குத்தகையாளர் ஒருவரை அனுப்பி வைத்தார். வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்தார். மேடையை மட்டும் கழற்றினால் கீழே உள்ள கேபினட் தாங்காது, மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது என்று 6,800 ரிங்கிட் கணக்குச் சொன்னார். அண்ணன் தொலைபேசியில், "அவ்வளவு செலவு பண்றதுக்கு, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அம்மா எங்களோட வந்துடலாமே" என்றார். அவர் அதை அன்போடுதான் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் தாளை எடுத்து மறுபடியும் மேடையில் விரித்தார்.

ஒரு கீறலுக்காக ஒரு சமையலறையையே உடைப்பதா என்று எனக்குத் தோன்றியது. "நான் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் வீட்டில் ஆணி அடித்ததுகூடக் கிடையாது.

மேடைக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் இந்த மேடையைப் 'பார்மைக்கா' என்றுதான் சொல்வோம். உண்மையில் அது ஒரு நிறுவனத்தின் பெயர். 1913ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கானர் என்ற இரு பொறியாளர்கள் அதைத் தொடங்கினார்கள். மின்சாதனங்களில் மின்காப்புக்குப் பயன்பட்ட மைக்கா என்ற கனிமத்துக்குப் பதிலாக ஒரு பொருளைச் செய்ததால், 'ஃபார் மைக்கா' என்பதே பெயராகிவிட்டது. சமையலறைக்கு அது பிறகுதான் வந்தது. இன்று பல நிறுவனங்கள் செய்யும் இந்தத் தகட்டுக்குப் பொதுப்பெயர் லேமினேட்.

இதில் கல்லும் இல்லை, மரமும் இல்லை. பெரும்பகுதி காகிதம். பிசினில் ஊறிய தடித்த பழுப்புக் காகிதங்கள் அடியில் பல அடுக்குகள். அவற்றின்மேல் நிறமோ வடிவமோ அச்சிட்ட ஒரே ஒரு தாள். அதற்கும் மேலே கண்ணாடிபோல் ஒரு மெலமைன் படலம். இவற்றை 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் சேர்த்து அமுக்கினால் ஒரே தகடாகிவிடும். தகட்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்குள்தான். அதைச் சிப்போர்டிலோ பிளைவுட்டிலோ ஒட்டி மேடையாக்குகிறார்கள்.

இது தெரிந்தபோதுதான் அந்தப் பழுப்புக் கோடு எனக்குப் புரிந்தது. அது அழுக்கு இல்லை. நிறத்தாள் கிழிந்து அடியிலுள்ள காகிதம் வெளியே தெரிகிறது. கல்மேடையைத் தேய்த்து மெருகேற்றலாம், மரப்பலகையைச் சீவலாம். லேமினேட்டில் இரண்டும் நடக்காது. தேய்த்தால் நிறமே போய்விடும். கீறல் விழுந்த லேமினேட்டை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. கீறலை அடைக்கலாம், நிறத்தால் மறைக்கலாம், தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கலாம். இந்த மூன்றும் நடந்தால் வேலை வெற்றிதான்.

முதலில் கீறலைப் பாருங்கள்

எந்தப் பொருளையும் வாங்குமுன் பத்து நிமிடம் செலவழித்துக் கீறலை நன்றாகப் பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் காயவிடுங்கள். நான் இதைச் செய்தபோது மெல்லிய கோடுகளில் இரண்டு காணாமலே போய்விட்டன. அவை கீறலே இல்லை. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களை இழுக்கும்போது அந்த உலோகம் மேடையில் பென்சில் கோடுபோலப் படிந்துவிடும். கீறல் என்று நாம் கவலைப்படுவதில் பல இந்த வகைதான்.

அடுத்து, விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காமல் போனால் கீறல் மேல் படலத்தோடு நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்தால், நிறத்தாளுக்குச் சேதமில்லை. இப்படிப்பட்ட கோடுகளை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

நகம் தடுக்கி, உள்ளே பழுப்போ கறுப்போ தெரிந்தால் நிறத்தாள் போய்விட்டது. இதை அடைக்க வேண்டும். அதற்கும் கீழே மரத்தூள்போல் சொரசொரப்பாகத் தெரிந்தால், தகடு முழுவதும் வெட்டுப்பட்டுப் பலகைவரை போயிருக்கிறது. அதை உடனே அடைக்க வேண்டும், சிங்குக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் அவசரம். சிப்போர்டு தண்ணீரைக் குடித்து ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேடை அங்கே மேடாகிவிடும். அந்தக் கட்டத்தில் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அம்மாவின் கீறல் இரண்டாவது வகை. பலகைவரை போகவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

பற்பசையும் தேங்காய் எண்ணெயும்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாளே அவசரப்பட்டு, கீறலின் ஓரத்தில் பற்பசையை வைத்துத் தேய்த்தேன். எங்கோ கேள்விப்பட்டதுதான். பத்து நிமிடம் தேய்த்த பிறகு துடைத்துப் பார்த்தால் கீறல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி 50 காசு நாணயம் அளவுக்குப் பளபளப்பு போய் மங்கிக் கிடந்தது. பற்பசையிலும் சமையல் சோடாவிலும் உள்ள நுண்துகள்கள் தேய்க்கும் வேலையைத்தான் செய்கின்றன. பளபளப்பான லேமினேட்டில் அது கீறலை எடுக்காது, ஆயிரம் சின்னக் கீறல்களைச் சேர்த்துவிடும். அந்த மங்கலை இன்றுவரை என்னால் சரிசெய்ய முடியவில்லை. உப்புத்தாள், இரும்பு நார், கரடுமுரடான ஸ்பஞ்சு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அம்மா அதற்கு முன்பே தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறார். எண்ணெய் தடவினால் கோடு மறைவதுபோல் தெரியும். அது கீறலுக்குள் நிரம்பி ஒளி சிதறுவதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு முறை துடைத்தால் கோடு திரும்பி வந்துவிடும், நடுவில் தூசியும் ஒட்டிக்கொள்ளும். அதோடு எண்ணெய்ப் பசை இருந்தால் பின்னால் போடும் அடைப்புப் பசை பிடிக்காது. வெள்ளையாக்கும் குளோரின் திரவமும் வேண்டாம். அது கறையோடு மேடையின் நிறத்தையும் கெடுத்துவிடும்.

வாங்கியவை

சுங்கை சிப்புட் டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அங்கே மரச்சாமான்களுக்கான மெழுகுக் குச்சிகள் இருந்தன, எல்லாம் பழுப்பும் கறுப்பும். படத்தைக் காட்டியதும் தவுக்கே தலையை ஆட்டினார். மெழுகு கேபினட் கதவுக்குச் சரிப்படும், அடுப்புப் பக்கம் சூடான பாத்திரம் வைத்தால் இளகிவிடும் என்று மலாயில் சொன்னார். லேமினேட்டுக்கென்றே பசை வடிவில் ஓர் அடைப்பு உண்டு, அதை இணையத்தில் தேடு என்றார். தன்னிடம் இல்லாத பொருளை இப்படி வழிகாட்டிய அவரிடமே மாஸ்கிங் டேப்பும், வளையக்கூடிய பிளாஸ்டிக் கரண்டியும், கிரைண்டருக்கான ஒரு சின்னப் பொருளும் பிறகு வாங்கினேன். அந்தச் சின்னப் பொருளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடைப்புப் பசை, அதோடு வந்த கரைப்பான் புட்டி, மருந்தகத்தில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டேப், கரண்டி எல்லாம் சேர்த்து 100 ரிங்கிட்டுக்குக் கீழேதான் ஆனது. பசையில் வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று மூன்று நிறம் வாங்கினேன். ஒரே நிறத்தில் சரியாகப் பொருந்துவது அபூர்வம், கலந்துதான் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்டோர் ரூமில் அப்பா வைத்திருந்தது

அடுத்த வாரம் மறுபடியும் போனபோது, சோதித்துப் பார்க்க ஏதாவது பழைய பலகை கிடைக்குமா என்று ஸ்டோர் ரூமில் தேடினேன். மேல்தட்டில், நாளிதழில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால், அதே வெளிர் மஞ்சள் லேமினேட்டில் ஒரு முழ நீளத் துண்டு. மேடை போட்டபோது மிஞ்சியதை அப்பா பத்திரப்படுத்தியிருக்கிறார். வெட்டிய ஓரத்தில் பழுப்பு அடுக்கும் அதன்மேல் மயிரிழைபோல் நிறமும் தெளிவாகத் தெரிந்தன.

அந்தத் துண்டில் ஆணியால் நானே கீறல் போட்டு, பசையை எப்படி அடைப்பது என்று அரைநாள் பழகினேன். நிறத்தையும் அதற்கே பொருத்தமாகக் கலந்து, மேடையில் ஓரமாக ஒரு துளி வைத்துப் பார்த்தபோது தவறு தெரிந்தது. துண்டு இருபது வருடத்துக்கும் மேலாக இருட்டில் இருந்திருக்கிறது. மேடையோ அடுப்பு வெப்பத்தையும் சன்னல் வெயிலையும் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையின் மஞ்சள் கொஞ்சம் ஆழ்ந்து, லேசாகப் பழுப்பேறியிருந்தது. மிச்சத் துண்டு கையைப் பழக்கத்தான், நிறத்தை மேடையைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. அதையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவில் குழல்விளக்கில் சரியாகத் தெரிந்த நிறம் காலையில் வேறாகத் தெரிந்தது.

படிப்படியாக

அடுப்பை அணையுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பசையும் கரைப்பானும் ஆல்கஹாலும் எளிதில் தீப்பற்றும். கேஸ் சிலிண்டரின் வால்வையும் மூடிவிட்டு, சன்னல் கதவுகளைத் திறந்து வையுங்கள். சின்னப் பிள்ளைகள் அந்த நேரம் சமையலறைக்குள் வர வேண்டாம்.

சுத்தம் செய்யுங்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் ஆல்கஹால் நனைத்த துணியால் கீறலை மட்டும் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போவதற்கு இது அவசியம். நம் சமையலறையில் தாளிப்பு எண்ணெய் படியாத இடம் ஏது? நான் மூன்று முறை துடைத்தேன், மூன்றாவது முறைதான் துணி வெள்ளையாக வந்தது. ஆழமான கீறலாக இருந்தால் ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள்.

பிசிறை எடுங்கள். கீறலின் விளிம்பில் உயர்ந்து நிற்கும் துணுக்குகள் இருந்தால், பிளேடைப் படுக்கையாக வைத்து அவற்றை மட்டும் சீவுங்கள். பிளேடை நிமிர்த்தினால் புதுக் கீறல் விழும்.

டேப் ஒட்டுங்கள். கீறலின் இருபுறமும் ஒட்டிவிட்டால் பசை நல்ல இடத்தில் படாது. என் கீறல் வளைவாக இருந்ததால் டேப்பைச் சிறு துண்டுகளாகக் கிள்ளி ஒட்டினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் முடிவில் அதுதான் கைகொடுத்தது.

நிறம் கலந்து அடையுங்கள். ஒரு பழைய பீங்கான் தட்டில் பட்டாணி அளவு பசையை எடுத்துக் கலந்தேன். பசை சீக்கிரம் இறுகிவிடும், அதனால் நிறம் பிடிபடும்வரை சிறு அளவில்தான் கலக்க வேண்டும். இரண்டு சாயலுக்கு நடுவே தடுமாறினால், சற்று அடர்ந்ததை எடுங்கள். என் அனுபவத்தில் வெளிறிய கோடுதான் கண்ணில் குத்தியது. கரண்டியால் கீறலுக்குக் குறுக்காக அழுத்தி இழுத்தால் பசை உள்ளே இறங்கும். நீளவாக்கில் இழுத்தால் உள்ளே போனதும் வெளியே வந்துவிடும்.

உடனே துடையுங்கள். டேப்பை எடுத்துவிட்டு, கரைப்பானில் லேசாக நனைத்த துணியை விரலில் இறுக்கமாகச் சுற்றி, ஓரத்தில் வழிந்ததை மட்டும் ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். துணி சொதசொதவென்று இருந்தால் அடைத்ததையும் சேர்த்து எடுத்துவிடும். எனக்கு முதல் முறை அதுதான் நடந்தது.

மறுபடியும் அடையுங்கள். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அது சுருங்கும். ஒரே முறையில் நிரப்பினால் மறுநாள் பள்ளமாகத் தெரியும். மெல்லிசாக அடைத்து, காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. எனக்கு மூன்று முறை தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை நீங்கள் வாங்கும் பசையின் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு நான் ஒரு முழு நாள் தண்ணீர் படாமல் வைத்தேன்.

மேடையில் புள்ளியோ மரக்கோடுகளோ இருந்தால், காய்ந்த அடைப்பின்மேல் மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று புள்ளிகள் வைத்தால் கண் ஏமாறும். அம்மாவின் மேடை ஒரே நிறம், அதனால் ஏமாற்ற வழியில்லை. கூர்ந்து பார்த்தால் கோடு தெரியும். நின்ற இடத்திலிருந்து தெரியாது.

அந்தச் சத்தம்

முதல் பூச்சு காய்ந்துகொண்டிருந்த மாலை. நான் முன்னறையில் இருந்தேன். மறுநாள் தோசைக்கு மாவாட்ட அம்மா சமையலறைக்குள் போனார். சில நொடிகளில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

மேடையின் மூலையில் இருக்கும் கிரைண்டரை மின்விசைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவர, அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். டேப் ஒட்டிய இடத்தை ஒதுக்கி, சுற்றிக்கொண்டு. மூலையிலிருந்து விசைப் பலகைவரை அவர் இழுக்கும் பாதையும் அந்தக் கீறலின் வளைவும் ஒன்றாகவே இருந்தன.

கிரைண்டரை நிறுத்திச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் நான்கு ரப்பர் கால்களில் ஒன்று இல்லை. அந்த இடத்தில் திருகாணியின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. கல்லோடு சேர்த்து 10 கிலோவுக்குக் குறையாத எடை அந்தத் திருகாணியின்மேல் இறங்கினால் மேடை என்னதான் செய்யும்?

"இழுக்காம தூக்கி வைக்கலாமே அம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் மாவு அரிசியைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கை தூக்க மாட்டேங்குதும்மா. போன வருசத்திலேர்ந்து வலது தோள்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்."

கீறலை ஏன் மறைத்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேடை கெட்டுப்போனதைவிட, அதைப் பார்த்து நாங்கள் என்ன முடிவுக்கு வருவோமோ என்றுதான் அவர் பயந்திருக்கிறார். நானோ அதுவரை நிறம் பொருந்துவதைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தவுக்கேயிடம் நான்கு ரப்பர் கால்கள் வாங்கி மாட்டினோம். சில ரிங்கிட்தான். நான் முன்னால் சொன்ன சின்னப் பொருள் அதுதான். கிரைண்டரின் இடத்தை மாற்றி, விசைப் பலகைக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்தோம். அங்கே இருந்த மிக்சி மூலைக்குப் போனது, அது எடை குறைவு. அரிசி டின்னும் இடுப்பு உயரத் தட்டுக்கு இறங்கியது. திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அம்மாவை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். தோளுக்குப் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது காலையில் சுவரில் விரலை மெதுவாக ஏற்றிப் பழகுகிறார். அண்ணனிடம் அம்மாவே பேசினார். அண்ணன் அடுத்த வாரம் வந்து, கிரைண்டர் கல்லைத் தூக்காமலே மாவை எடுக்க வசதியாக ஒரு நீளக் கரண்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பசையால் தீராதவை

எல்லாக் கேட்டுக்கும் இந்தப் பசை மருந்தில்லை. அம்மாவின் மேடையிலேயே, அடுப்புக்கு அருகில் சூடான தோசைக்கல்லை வைத்த பழைய தடம் ஒன்று இருக்கிறது. அது வெந்து நிறம் மாறிய இடம். அங்கே பள்ளம் இல்லை, அடைக்கவும் ஒன்றுமில்லை. அந்த இடத்தை வெட்டியெடுத்து ஓடோ கல்லோ பதிப்பது உண்டு, ஆனால் அது ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அம்மா அதன்மேல் ஒரு மரத் தாங்கியை வைத்துவிட்டார். சூடான பாத்திரம் இப்போது அதில்தான் இறங்குகிறது.

ஓரத் தகடு பெயர்ந்திருந்தால் இரு பக்கமும் கான்டாக்ட் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு அழுத்தி ஒட்டலாம். ஒட்டியபின் நகர்த்த முடியாது, அதனால் முதலிலேயே நேராக வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கைச் சுற்றியுள்ள சிலிக்கான் கறுத்து விரிந்திருந்தால், அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுவது எந்தக் கீறலையும்விட முக்கியம். மேடை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது.

அடைத்த இடத்தில் நேரடியாகச் சப்பாத்தி தேய்ப்பதும் மாவு பிசைவதும் வேண்டாம். அந்தப் பசை உணவு படுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. பலகை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். காய் நறுக்கவும் பலகைதான். லேமினேட்டில் கத்தி நேராகப் பட்டால் அடுத்த கட்டுரையை நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

வாடகை வீட்டில் இருக்கும் இளையர்களுக்கு ஒரு வார்த்தை. காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கீறலை அவசரமாக மூடாதீர்கள். குடிபோகும் அன்றே மேடையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கீறல் விழுந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி, சம்மதம் வாங்கிச் செய்யுங்கள். தெரிந்த கீறலைவிட, நிறம் பொருந்தாமல் அப்பிய அடைப்புதான் கண்ணுக்கு அதிகம் தெரியும். மூலையில் ஒரு துளி வைத்துப் பார்க்காமல் நடு மேடையில் கைவைக்கவே வேண்டாம்.

தீபாவளிக்கு முதல் நாள் வீடு நிறையப் பிள்ளைகள். முறுக்கு பிழிந்து அடுக்கிய தாள்கள் மேடை முழுவதும் பரவிக் கிடந்தன. அண்ணி, "எங்க அந்தக் கீறல்?" என்று தேடினார். அம்மா கை துடைத்துக்கொண்டே வந்து சரியாக அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க. எனக்குத் தெரியும்" என்றார்.

மேடையில் விரித்திருந்த அந்தப் பழைய நாளிதழ் இப்போது அங்கே இல்லை. அப்பாவின் மிச்சத் துண்டை அதில் சுற்றி, மறுபடியும் ஸ்டோர் ரூம் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். மீந்த பசைக் குழாய்களும் அதோடுதான் இருக்கின்றன.